ஓய்வுபெற்ற செவிலியர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

என் தாயார் தமது 93-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த செய்தியைச் சென்ற மாதம் தங்கள் நாளிதழின் இரங்கல் பகுதியில் விளம்பரமாகக் கொடுத்திருந்தோம். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களும் அடக்க ஆராதனை நடைபெறும் இடமும் நேரமும் போக எஞ்சிய இடத்தில், 'ஓய்வுபெற்ற அரசுச் செவிலியர்' என்பதற்கு மேல் அவரைப் பற்றி எழுத இடமிருக்கவில்லை. இரங்கல் விளம்பரத்தில் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆயினும் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, எங்களுக்கு முன்பின் அறிமுகமில்லாத முதியவர்கள் சிலர் புளியந்தோப்பிலிருந்தும் ஓட்டேரியிலிருந்தும் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள். தங்கள் தகப்பனாருக்கோ தாயாருக்கோ காசநோய் கண்டிருந்த காலத்தில் நர்சம்மா வீடு தேடி வந்ததை ஒவ்வொருவரும் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவற்றில் பலவும் பெற்ற பிள்ளைகளான நாங்களே அறியாதவை. சென்னையின் மருத்துவ வரலாற்றில் இவரைப் போன்ற செவிலியர்கள் செய்த வேலை எழுதப்படாமலே மறைந்துகொண்டிருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தாயார் 1931-ல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் நாசரேத்துக்கு அருகே ஒரு பனங்காட்டுக் கிராமத்தில், உபதேசியார் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்குப் பின் ஆறு பேர். படித்த பெண்பிள்ளைக்கு அந்த நாளில் இருந்த வழிகள் இரண்டு: ஆசிரியை ஆவது, அல்லது நர்ஸ் ஆவது. முதலாவதை ஊரார் மெச்சினார்கள். இரண்டாவதைச் சொன்னால், அந்நிய ஆடவரைத் தொட்டுப் பணிவிடை செய்வதும் இரவு வேலைக்குப் போவதும் குடும்பப் பெண்ணுக்கு அடுக்குமா என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகையும் தங்குமிடமும் உணவும் கிடைக்கும், வீட்டுக்கு அனுப்பச் சில ரூபாய்கள் மிஞ்சும் என்ற ஒரே காரணத்தால் என் தாத்தா சம்மதித்தார். 1950-ல் ஒரு தகரப் பெட்டியோடும் வேதாகமத்தோடும் எழும்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 19.

அவர் பயிற்சி பெற்ற சென்னை அரசு பொது மருத்துவமனை, 1664-ல் கோட்டைக்குள் சிறிய அளவில் தொடங்கப்பட்டு, 1772-ல் இன்றுள்ள இடத்துக்கு வந்தது. அங்கே செவிலியர் பயிற்சி 1871-லேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் செவிலியர் பயிற்சிக்கு முன்னோடியாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செவிலியர்களும் தாதியரும் பதிவு செய்துகொள்ளும் முறையும் சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. அந்தப் பதிவேட்டில் என் தாயாருக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் அன்றைய செவிலியரின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்வதில்லை. கண்ணாடி ஊசிக்குழல்களை ஒவ்வொரு முறையும் கொதிக்கவைத்து எடுத்தார்கள். முனை மழுங்கிய ஊசிகளைச் சாணைக்கல்லில் தீட்டிப் பஞ்சில் குத்திப் பார்த்தார்கள். பஞ்சிழை ஊசியில் சிக்கினால் மறுபடி தீட்ட வேண்டும். துணிக்கட்டுகளைத் துவைத்து, உலர்த்தி, சுருட்டி அடுக்கினார்கள். படுக்கை விரிப்பின் மூலைகளைக் குறிப்பிட்ட கோணத்தில் மடித்துச் செருகாவிட்டால் வார்டு சிஸ்டர் மொத்த விரிப்பையும் உருவிப்போட்டு மறுபடி விரிக்கச் சொல்வாராம். எங்கள் வீட்டுப் பாயின் மேல் விரிக்கும் பழைய புடவைக்கும் அந்த மூலை மடிப்பு உண்டு. கண்பார்வை போன பிறகும், தம் கட்டிலின் விரிப்பை விரலால் தடவிப் பார்த்து, சரியில்லை என்றால் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லுவார்.

அவருடைய பணிக்காலத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது சேத்துப்பட்டில் கழிந்த ஆண்டுகளை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர்ந்து, மாதக்கணக்கில் படுத்திருந்து, நல்ல காற்றும் நல்ல உணவும் பெற்றால்தான் குணமாகும் என்று மருத்துவ உலகம் அதுவரை நம்பியிருந்தது. தாம்பரத்தில் 1928-ல் தோன்றிய சானடோரியத்தின் கட்டில்களோ, சென்னையின் நோயாளிகளில் ஒரு சிறு பங்கினருக்குக்கூடப் போதவில்லை. ஆகவே 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மற்றவர்களுக்கு அவரவர் குடிசையிலேயே ஓராண்டுக்கு அதே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக உழைத்தார்கள், நெருக்கடியான ஒற்றை அறையில் பலரோடு படுத்தார்கள். ஆயினும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாக அவர்களும் குணமடைந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கும், சானடோரியம் சென்றவர்களின் குடும்பத்தினரைவிட நோய் அதிகமாகத் தொற்றவில்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு, படுக்கை வசதியில்லாத ஏழை நாடுகளுக்கெல்லாம் வழிகாட்டியது.

அந்த ஆய்வின் வரலாற்றைச் சொல்லுமிடமெல்லாம் அதற்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸின் பெயர் மரியாதையோடு சொல்லப்படுகிறது. அது முற்றிலும் தகும். ஆனால் வீட்டில் மருந்து சாப்பிடுகிறவர் உண்மையாகவே சாப்பிடுகிறாரா என்பது தெரியாமல் அந்த ஆய்வுக்கு ஒரு முடிவும் இருந்திருக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ள, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மீதியிருக்கும் மருந்தை எண்ணி, சிறுநீரில் மருந்தின் அடையாளம் இருக்கிறதா என்று சோதிக்க மாதிரி வாங்கிவர வேண்டியிருந்தது. கொடுத்த மருந்துகளில் ஒன்றான பி.ஏ.எஸ். என்பதை நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். அதைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிற ஒருவரை ஓராண்டுக் காலம் சாப்பிடவைத்தவர்கள் செவிலியர்களும் ஹெல்த் விசிட்டர்களும்தான். என் தாயார் 1957-ல் அயற்பணியில் அங்கே அனுப்பப்பட்டார். கைக்குழந்தையாக இருந்த என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, ஆண்கள் வேலைக்குக் கிளம்புமுன் பிடிக்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுவாராம்.

வீடு தேடிப் போவதில் மருந்து எண்ணுவதைவிடக் கடினமானது ஒன்று இருந்தது. காசநோய் என்று அக்கம்பக்கத்தில் தெரிந்தால் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். பெண்ணுக்கு வந்த சம்பந்தம் நின்றுபோகும். தெருக்குழாயில் குடம் வைக்க விடமாட்டார்கள். ஆதலால் அவர் மருத்துவமனை ஆள் என்று தெரியும்படி எதையும் வெளியே காட்டாமல், சாதாரணச் சேலையில், மளிகைப் பையில் சீசாக்களை வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்ணைப் போல உள்ளே போவார். தரையில் உட்காருவார். கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிப்பார். "மாத்திரையை எண்ணுறது பெரிய காரியமில்லம்மா, எண்ணும்போது அவங்க முகம் வாடாம பாத்துக்கணும், அதுதான் பெரிய வேலை" என்று அவர் சொன்னதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த மையமே பின்னர், வாரத்துக்கு இரண்டு முறை செவிலியரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்துப் பார்த்தது. 1990-களில் நம் நாட்டுத் திட்டமாகவே ஆன, மருந்தைக் கண்முன்னே கொடுத்து உறுதி செய்யும் முறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையே அன்று புளியந்தோப்பில் ஏற்பட்ட நம்பிக்கை, எந்த மருந்துக்கும் குறையாத பங்கை இதில் ஆற்றியிருக்கிறது என்பது என் திடமான கருத்து.

இந்த ஆண்டுகளிலிருந்து அவர் பத்திரமாக வைத்திருந்த பொருள் ஒன்று உண்டு. நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. அதில் அவர் போய்வந்த வீட்டுக்காரர்களின் பெயர்கள் மட்டும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. குணமானவர்களின் பெயருக்கு எதிரே ஒரு சிறு கோடு, இறந்தவர்களின் பெயருக்கு எதிரே தேதி. அது அவருடைய ஜெபப் புத்தகம். காலை நாலரை மணிக்கு எழுந்து, விளக்கைக்கூடப் போடாமல், அந்தப் பெயர்களை மனப்பாடமாக ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார். பிறகுதான் எங்கள் பெயர்கள் வரும். சிறு வயதில் எனக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது. பிற்காலத்தில் அந்தப் பட்டியலில் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவப் பெயர்கள் எல்லாம் கலந்திருப்பதைப் பார்த்தேன். ஆனால் நோயாளி ஒருவரிடமும் அவர் மதம் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பலவீனமாகப் படுத்திருப்பவரிடம் அப்படிப் பேசுவது முறையல்ல என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பிற்காலத்தில் வார்டில் பணியாற்றியபோது, இறக்கும் தறுவாயில் இருப்பவரின் உறவினர்களைப் பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே நிறுத்தமாட்டார். துளசித் தீர்த்தம் வார்க்க வேண்டுமென்றால் அதற்கும், காதில் கலிமா சொல்ல வேண்டுமென்றால் அதற்கும் இடம் செய்து கொடுத்து, திரையை இழுத்து மூடிவிட்டு வெளியே நிற்பார். தீபாவளி, பொங்கல், ரம்ஜான் நாட்களில் உடன் பணியாற்றியவர்களுக்காகத் தாம் டூட்டி பார்த்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனைக்கு மட்டும் விடுப்புக் கேட்பார். அதுவும் கிடைக்காத ஆண்டுகள் உண்டு. அப்போதெல்லாம் டூட்டி முடிந்து வந்து, சீருடையை மாற்றாமலே எங்களைக் கூட்டி வைத்துக் கீர்த்தனை பாடிய பிறகுதான் பலகாரத் தட்டைத் திறப்பார்.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தகப்பனார் 1955-ல் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்ட ஆண்டிலேயே அங்கே பிட்டராகச் சேர்ந்தவர். அயனாவரத்தில் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீட்டில், நாங்கள் நான்கு பிள்ளைகளும், படிப்பதற்காக ஊரிலிருந்து அடுத்தடுத்து வந்த மாமாமார், சித்திமாரும் சேர்ந்து வளர்ந்தோம். 1973-ல் தகப்பனார் இறந்தபோது அம்மாவுக்கு வயது 42, கடைசித் தம்பிக்கு 6. அதன் பிறகு அந்த வீட்டைத் தாங்கியது ஓர் அரசுச் செவிலியரின் சம்பளம். மாதத்தின் முதல் நாள் இரவு, சம்பளப் பணத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஜெபித்துவிட்டு, எங்கள் கண் முன்னாலேயே பிரிப்பார்: பத்தில் ஒரு பங்கு காணிக்கை, ஊருக்கு மணியார்டர், பள்ளிக் கட்டணம், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும், மிச்சம் தபால் அலுவலகச் சேமிப்பு. அவருடைய உடன்பிறந்தவர்களில் ஐவர் அந்தப் பணத்தில்தான் படித்தார்கள். இருவர் அவரைப் பின்பற்றிச் செவிலியர்களாகவே ஆனார்கள்.

இரக்கம் இருந்த அளவுக்குக் கண்டிப்பும் அவரிடம் இருந்தது. அந்தக் கண்டிப்பு எங்களுக்கு வலித்ததும் உண்டு. ஊரில் இருந்த பனைவிளையைப் பங்கு பிரிப்பதில் மாமாமார் இருவர் பேச்சை நிறுத்தியிருந்த காலத்தில், கிறிஸ்துமஸுக்கு வந்த இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, சமாதானம் ஆகாமல் இந்த வீட்டில் எவருக்கும் சாப்பாடு இல்லை என்று அறிவித்துவிட்டார். மாலை நான்கு மணி வரை பிள்ளைகளும் பட்டினி கிடந்தோம். நான்கு மணிக்குப் பனைவிளை யாருக்கும் பங்காகாமல் சபைப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்று முடிவானது, பிறகு சாப்பிட்டோம். நானும் செவிலியராக வேண்டும் என்று கேட்டபோது அவர் சம்மதிக்கவில்லை. "ஒரு வீட்டுக்கு ஒரு நைட் டூட்டி போதும்" என்றார். ஆசிரியைப் பயிற்சிக்குத்தான் என்னை அனுப்பினார். அந்தப் பதிலுக்குள் எத்தனை இரவுகள் இருந்தன என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகே புரிந்தது.

1989-ல் எழும்பூரில் குழந்தைகள் வார்டின் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகும் அயனாவரம் வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளவும் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொள்ளவும் மருத்துவர் சீட்டோடு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை. 2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது, 73 வயதில், சபைப் பெண்களோடு காசிமேட்டுக்குப் போய்ப் புண்களுக்குக் கட்டுப் போட்டார். 2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர், மருத்துவச்சியர் ஆண்டாக அறிவித்திருந்தது. அதே ஆண்டில்தான் கொரோனா வந்தது. என் மகள் ஒப்பந்தச் செவிலியராக அந்த வார்டில் பணியாற்றிக்கொண்டிருந்தாள். தினமும் இரவில் தொலைபேசியில் அவளை அழைத்து, கவச உடையைக் கழற்றும் வரிசை சரியா, கை கழுவினாயா, சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகே ஆச்சி படுக்கப் போவார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. என் தாயார் ஆறு உடன்பிறந்தவர்களுக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் தலைவியாக நிற்க முடிந்ததற்கு அவருடைய விசுவாசமும் மனவலிமையும் காரணம் என்று சபையில் பலரும் பேசினார்கள். உண்மைதான். ஆனால் நிரந்தரப் பணியும், நேரத்துக்கு வந்த சம்பளமும், ஓய்வூதியமும் அதே அளவுக்குக் காரணம். இறுதி மூச்சு வரை எந்தப் பிள்ளையிடமும் கையேந்தாமல் இருந்தார்; பேரப்பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவும் கொடுத்தார். தொகுப்பூதியத்திலும் ஒப்பந்தத்திலும் வேலை செய்யும் இன்றைய செவிலியருக்கு அப்படி ஒரு குடும்பத்தைத் தாங்கும் நிலை இல்லை. செவிலியர்களைத் தேவதைகள் என்று புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இனி என் கோரிக்கை. பொது மருத்துவமனை வளாகத்தில் மருத்துவர் ரங்காச்சாரிக்குச் சிலை இருக்கிறது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. இருவரும் எல்லாச் சிறப்புக்கும் உரியவர்கள். ஆனால் நம் மருத்துவமனைகளில் ஒரு செவிலியரின் பெயரில் ஒரு வார்டோ கட்டடமோ என் கண்ணில் பட்டதில்லை. பெயர் வைப்பதுகூடப் பிறகு நடக்கட்டும். 1950-களிலும் 60-களிலும் பணியில் சேர்ந்த செவிலியர்கள் இன்று எண்பதையும் தொண்ணூறையும் தாண்டிவிட்டார்கள். ஊசியைக் கொதிக்கவைத்த காலத்தை, பெரியம்மை இருந்த காலத்தை, வீடு வீடாகக் காசநோய் மருந்து கொடுத்த காலத்தை நேரில் கண்டு சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். சென்னையிலுள்ள செவிலியர் கல்லூரிகள், தம் மாணவியர் ஒவ்வொருவரும் ஓய்வுபெற்ற ஒரு செவிலியரைச் சந்தித்து அவர் நினைவுகளைக் குரல்பதிவாக எடுத்துவருவதைப் பாடப் பயிற்சியின் ஒரு பகுதியாக ஆக்கலாம். கைப்பேசி போதும்; பெரிய செலவில்லை. அப்பதிவுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ, தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ சேர்த்து வைக்க டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் முன்வர வேண்டும். நோயாளிகளின் பெயரும் முகவரியும் வெளியே வராதபடி விதி வகுத்துக்கொள்வது அவசியம். என் தாயாரின் நீல நோட்டை அந்தக் காரணத்துக்காகவே நாங்கள் யாருக்கும் காட்டப் போவதில்லை. தங்கள் நாளிதழும் மே 12, உலகச் செவிலியர் நாளன்று வாழ்த்துச் செய்தியோடு நிறுத்திக்கொள்ளாமல், மூத்த செவிலியர் ஒருவரின் நீண்ட நேர்காணலை ஆண்டுதோறும் வெளியிடும்படி வேண்டுகிறேன்.

என் தாயாரின் பதிவுச் சான்றிதழ், பயிற்சிக் காலப் பிரசவக் குறிப்பேட்டில் பெயர்களை நீக்கிய நகல், 1954-ஆம் ஆண்டுப் பயிற்சி முடித்தோர் புகைப்படம், என் மகள் கைப்பேசியில் எடுத்த குரல்பதிவு ஆகியவற்றை எந்தக் கல்லூரியோ காப்பகமோ கேட்டாலும் கொடுக்க எங்கள் குடும்பம் ஆயத்தமாக உள்ளது. அந்தப் புகைப்படத்தில் இருப்பவர்களில் இருவர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். ஒருவர் கீழ்ப்பாக்கத்திலும் மற்றவர் நாகர்கோவிலிலும் பிள்ளைகளோடு வசிக்கிறார்கள். இருவருக்கும் நினைவாற்றல் தெளிவாக இருக்கிறது, பேசவும் விரும்புகிறார்கள். பதிவு செய்ய முன்வருவோர் தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவித்தால், இந்த மாதத்திலேயே அவர்களிடம் அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செவிலியர் ஒருவரின் மூத்த மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை,
அயனாவரம், சென்னை.